கலிஃபோர்னியாவில் ஸ்பீடிங் டிக்கெட்டை எதிர்த்து எழுத்திலேயே வழக்காடுவது எப்படி?

பணத்தைக் கட்டித் தொலைத்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும், டி.எம்.வி. (ஓட்டுநர் உரிமத் துறை) பதிவில் பாயிண்ட் (குற்றப் புள்ளி) ஏறும், இன்ஷூரன்ஸும் கூடும். 15 மைல் வரை அதிக வேகத்துக்கு அடிப்படை அபராதம் 35 டாலர்தான். மேல்வரிகள் சேர்ந்து அது 200 டாலரைத் தாண்டிவிடும்.

சாலையோரத்தில்: 2024 ஜனவரி 1 முதல், எதற்கு நிறுத்தினார் என்பதை விசாரிக்கும் முன்பே அதிகாரி சொல்லியாக வேண்டும். "எவ்வளவு வேகத்தில் வந்தீங்க?" என்று கேட்டால் பதில் சொல்லக் கட்டாயமில்லை. டிக்கெட்டில் கையெழுத்துப் போடுங்கள். அது கெடு தேதிக்குள் வழக்கைக் கவனிப்பேன் என்ற உறுதிமொழி மட்டுமே. மறுத்தால் கைது செய்யலாம். ஊர்ப் பழக்கத்தில் நோட்டை நீட்டிவிடாதீர்கள், அது நேராகச் சிறைக் குற்றம்.

சட்டப்பிரிவைப் பாருங்கள்: 22350 (சாலை நிலைமைக்குப் பாதுகாப்பான வேகத்தை மீறியது) என்றிருந்தால் வாய்ப்பு நல்லது. 22349 என்றால் அதிகபட்ச வேகத்தை மீறிய வழக்கு. கீழே சொல்லும் சர்வே வாதம் அங்கே எடுபடாது.

சர்வே: பலர் கோட்டைவிடுவது இங்கேதான். ரேடாரோ லேசரோ வைத்துப் பிடித்தால், அந்தச் சாலையின் வேக வரம்புக்கு ஐந்து ஆண்டுக்குள் எடுத்த போக்குவரத்து சர்வே (வாகனங்கள் உண்மையில் போகும் வேகத்தை அளக்கும் பொறியியல் ஆய்வு) ஆதாரமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் 40802-ஆம் பிரிவின்படி அது 'ஸ்பீட் டிராப்' (சட்டம் தடை செய்த வேகப் பொறி), ரேடார் சாட்சியம் செல்லாது. அதிகாரி 24 மணி நேர ரேடார் பயிற்சி முடித்து, கருவியும் மூன்று ஆண்டுக்குள் சோதிக்கப்பட்டிருந்தால் ஐந்து என்பது ஏழாகும். சாலையில் பெரிய மாற்றமில்லை என்று பொறியாளர் சான்று கொடுத்திருந்தால் இன்னும் நீளும். சிறிய குடியிருப்புத் தெருக்களுக்கும் பள்ளிப் பகுதிக்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

எனவே நகராட்சியின் போக்குவரத்துப் பொறியியல் பிரிவுக்கு, பொது ஆவணச் சட்டத்தைக் குறிப்பிட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பத்து நாளில் பதில் சொல்ல வேண்டும். சாலைப் பெயரோடு எந்தக் குறுக்குத் தெருவிலிருந்து எதுவரை என்றும் எழுதுங்கள். இல்லாவிட்டால் வேறு பகுதியின் சர்வே வந்து சேரும். பயிற்சிச் சான்றையும் கருவிச் சோதனை ஆவணத்தையும் காவல் துறையிடம் தனியாகக் கேளுங்கள்.

டி.ஆர்.-205: எழுத்திலேயே விசாரணை கேட்கும் இந்தக் கோர்ட் படிவத்தையும் முழு அபராதத் தொகையையும் கெடு தேதிக்குள் அனுப்ப வேண்டும். வென்றால் பணம் திரும்ப வரும். ஆன்லைன் வசதி இருந்தாலும், ரசீதோடு சர்டிஃபைட் மெயில்தான் என் தேர்வு. 100 மைலைத் தாண்டியது, குடித்து ஓட்டியது போன்றவற்றுக்கு இந்த வழி இல்லை. உங்கள் வாதத்தை ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். "எல்லோரும் அதே வேகத்தில்தான் போனார்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள், அது வாக்குமூலம். தோற்றால் டிராஃபிக் ஸ்கூல் வேண்டும் என்ற கோரிக்கையைக் கடைசி வரியில் சேர்த்துவிடுங்கள் (பாயிண்ட் பதிவில் தெரியாமல் இருக்க உதவும் வகுப்பு; 18 மாதத்துக்கு ஒரு முறைதான் கிடைக்கும்).

தோற்றால்: டி.ஆர்.-220 என்ற படிவத்தைக் கொடுத்தால் நேரில் புதிதாக விசாரிப்பார்கள். 20 நாள் அவகாசம்; கணக்கு தொடங்குவது தீர்ப்பை அஞ்சலில் சேர்த்த நாளிலிருந்து, உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல. தீர்ப்பு பழைய வீட்டுக்குப் போய் இந்த வாய்ப்பை இழப்பவர்கள் உண்டு. வீடு மாறினால் கோர்ட்டுக்கும் எழுதுங்கள், டி.எம்.வி.க்குச் சொன்னது போதாது.

அதிகாரி பொய் எழுதியிருந்தால்: "பொய்யர்" என்று எழுதுவதால் ஒரு பயனும் இல்லை. டிக்கெட்டில் உள்ள இடம், நேரம், லேன் ஆகியவற்றை உங்கள் டேஷ்கேம் பதிவோடு வரிக்கு வரி ஒப்பிட்டுக் காட்டுங்கள். அவருடைய பாடி கேமரா பதிவை முதல் வாரத்திலேயே கேளுங்கள். 60 நாள் வைத்திருப்பதைத்தான் சட்டம் குறைந்தபட்ச அளவாகச் சொல்கிறது. அதற்குப் பின் அழிந்துபோகலாம். பொய் அறிக்கை எழுதியதாக அவர்மீது முன்பே துறை விசாரணையில் நிரூபணமாகியிருந்தால், 2019 முதல் அந்த ஆவணம் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. பெயரையும் பேட்ஜ் எண்ணையும் போட்டு, காவல் துறைக்கு அனுப்பும் பொது ஆவணக் கடிதத்தில் கேட்கலாம்.

துறையில் புகார் கொடுப்பது தனி வேலை. ஒவ்வொரு காவல் துறையும் அதற்கு ஒரு நடைமுறை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் புகார் கொடுத்ததால் டிக்கெட் ரத்தாகாது, கெடு தேதியும் நிற்காது.