பழைய ஸ்னோ ப்ளோவரின் உராய்வுத் தட்டுக்குப் புதிய எஞ்சினைப் பொருத்தும் முறை

1970களிலும் 80களிலும் விற்ற இரட்டைக் கட்ட ஸ்னோ ப்ளோவர்கள் (பனியைத் திருகால் அள்ளி, விசிறியால் வீசியெறியும் வண்டிகள்) அமெரிக்காவிலும் கனடாவிலும் பல வீட்டுக் கராஜ்களில் இன்னும் நிற்கின்றன. கியர்ப் பெட்டியும் தகடும் உறுதியாக இருக்க, எஞ்சின் மட்டும் ஓய்ந்திருக்கும். அவற்றில் பரவலாக இருந்த டெகம்சே எஞ்சின்களின் தயாரிப்பு 2008 இறுதியில் நின்றுவிட்டதால், ஹோண்டா ஜிஎக்ஸ்200 அல்லது அதே அளவுகளில் வரும் வேறோர் எஞ்சினைப் பொருத்துவதே இன்று நடைமுறை. குதிரைத்திறனைப் பார்த்து எஞ்சினைத் தேர்ந்தெடுப்பதைவிட, ஷாஃப்ட்டை (எஞ்சினிலிருந்து வெளியே நீளும் சுழல்தண்டை) பார்த்துத் தேர்ந்தெடுப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து.

வண்டியின் சக்கரங்களை ஓட்டுவது உராய்வுத் தட்டு. பெல்ட்டால் சுழலும் இந்த உலோகத் தட்டின் முகத்தில், ரப்பர் விளிம்புள்ள சிறு சக்கரம் ஒன்று செங்குத்தாக அழுந்துகிறது. அது தட்டின் விளிம்பை நோக்கி நகர்ந்தால் வேகம் கூடும். மையத்தை நெருங்கினால் குறையும். மையத்தைத் தாண்டினால் வண்டி பின்னோக்கிப் போகும். எனவே தட்டு எதிர்த்திசையில் சுழன்றால் முன்கியர்கள் அனைத்தும் பின்கியர்களாகிவிடும்.

இந்தக் காரணத்தால், பழைய எஞ்சினைக் கழற்றுமுன் அதிலிருந்து வெளியே வரும் ஷாஃப்ட்கள் எத்தனை என்று பார்க்க வேண்டும். ஒரே ஷாஃப்ட்டில் இரண்டு புல்லிகள் இருந்தால் கவலையில்லை. பழையதும் புதியதும் ஷாஃப்ட் பக்கமிருந்து பார்க்கும்போது இடஞ்சுழியாகவே சுழலும். சில இயந்திரங்களில் மட்டும், பனியை அள்ளும் திருகு கிராங்க் ஷாஃப்ட்டிலிருந்தும் (எஞ்சினின் முதன்மைத் தண்டு), சக்கரங்கள் கேம் ஷாஃப்ட்டின் (வால்வுகளை இயக்கும் தண்டு) நீட்சியிலிருந்தும் இயங்கும். கேம் ஷாஃப்ட் பாதி வேகத்தில், எதிர்த்திசையில் சுழல்வது. அத்தகைய இயந்திரத்தில் ஒற்றை ஷாஃப்ட் எஞ்சினை ஏற்றினால் திசையும் வேகமும் ஒருங்கே கெடும். இரட்டை ஷாஃப்ட் எஞ்சின் கிடைக்காவிட்டால் அந்த வேலையைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.

அடுத்தது அளவுகள். புதிய எஞ்சினின் ஷாஃப்ட் பெரும்பாலும் 3/4 அங்குலம், புல்லியை அதோடு பூட்டும் சாவி (உலோகத் துண்டு) 3/16 அங்குலம். பழைய புல்லியின் துளை 1 அங்குலமாக இருந்தால், இடையில் புஷ் (இடைவெளியை நிரப்பும் வளையம்) ஒன்றும், இருபக்கமும் அகலம் வேறுபடும் படிவைத்த சாவியும் தேவைப்படும். எஞ்சின் புல்லியின் விட்டத்தை மாற்றக் கூடாது. பெரிய புல்லி தட்டை வேகமாகச் சுழற்றும்; அந்த வேகத்தில் பனிச்சுமையைத் தள்ள நேர்ந்தால் ரப்பர் வழுக்கித் தேய்ந்துவிடும்.

மிகுந்த கவனம் வேண்டியது உயரத்தில்தான். ஜிஎக்ஸ்200 எஞ்சினின் அடிப்பாகத்திலிருந்து ஷாஃப்ட் மையம்வரை 106 மி.மீ. பழைய எஞ்சினில் இது குறைவாக இருந்து, புதியது உயர்ந்து உட்கார்ந்தால், பெல்ட் எப்போதும் இறுகியே நிற்கும். லீவரை விட்ட பிறகும் வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும், திருகும் நிற்காது. இது உயிருக்கு ஆபத்தான குறை. மாறாகத் தாழ்ந்திருந்தால் எஃகுத் தகட்டை அடியில் வைத்து உயர்த்தலாம். மரத்துண்டு அதிர்வில் நசுங்கி போல்ட்டுகளைத் தளர்த்திவிடும். நேரான இரும்புப் பட்டை ஒன்றை மேல் புல்லியின் முகத்தில் வைத்து, அது கீழ்ப் புல்லியின் முகத்தையும் முழுதாகத் தொடுகிறதா என்று பார்த்த பின்னரே போல்ட்டுகளை இறுக்க வேண்டும்.

எஞ்சின் கீழே இருக்கும்போதே அடித்தகட்டைத் திறந்து ரப்பரைப் பார்த்துவிடுங்கள். வெடிப்போ பளபளப்போ தெரிந்தால் மாற்றிவிடலாம். என் இயந்திரத்தில் முதல்முறை எண்ணெய் மாற்றியபோது, வடிகால் துளையிலிருந்து வழிந்த எண்ணெய் சட்டத்தின் ஓட்டை வழியே தட்டின்மேல் இறங்கியது. அரை அடி பனியில் எஞ்சின் முழு வேகத்தில் ஓட, சக்கரங்கள் அசையவே இல்லை. அன்றே தட்டைப் பிரேக் கிளீனரால் துடைத்து, வடிகாலுக்குச் சட்டத்தைத் தாண்டி நீளும் குழாய் ஒன்றையும் பொருத்தினேன்.

பொதுப்பயன் எஞ்சின்களின் காகித வடிகட்டியில் பனித்தூள் படிந்து உறைந்து காற்றை அடைத்துவிடும். பனிக்கென்றே வரும் எஞ்சின்களில் வடிகட்டி இராது. கார்புரேட்டரைச் சூடாக வைக்கும் மூடி இருக்கும். அவ்வகையை வாங்குங்கள்.

வேலை முடியும்வரை ஸ்பார்க் பிளக் கம்பி கழன்றே இருக்கட்டும். பிறகு வண்டியின் சக்கரங்கள் தரையில் படாதபடி உயர்த்தி நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, இரண்டு லீவர்களையும் ஒவ்வொன்றாக அழுத்தி விடுங்கள். கை விட்டதும் சக்கரமும் திருகும் நின்றால் மட்டுமே வண்டியைத் தரையில் இறக்கலாம்.