மட்குக் குவியலிலிருந்து எத்தனால் தரும் பாக்டீரியாவை வளர்த்தெடுக்கும் முறை

ஈஸ்டிடம் வைக்கோலைக் கொடுத்தால் அது ஒன்றும் செய்யாது. அதிலுள்ள நார்ப்பொருளான செல்லுலோஸை யாராவது முன்கூட்டியே சர்க்கரையாக உடைத்துக் கொடுத்தால்தான் அதனால் எத்தனால் தர முடியும். கிளாஸ்ட்ரிடியம் தெர்மோசெல்லம் என்ற பாக்டீரியா இந்த இரண்டு வேலைகளையும் தானே செய்துவிடுகிறது. புதிய வகைப்பாட்டில் அசெட்டிவிப்ரியோ தெர்மோசெல்லஸ் எனப்படும் இது, செல்லுலோஸை வெட்டும் பல நொதிகளை ஒரே புரதச் சட்டத்தில் கோத்துத் தன் மேற்பரப்பில் தாங்கி நிற்கிறது. செல்லுலோசோம் என்னும் அந்த அமைப்பை எட்வர்ட் பேயரும் ரஃபேல் லேமட்டும் 1983இல் விவரித்தார்கள். கல்லூரி நுண்ணுயிரியல் ஆய்வகம் ஒன்றில் இதை வளர்த்தெடுக்கும் வழியை இங்கே விளக்குகிறேன்.

இந்தப் பாக்டீரியா 60 டிகிரி செல்சியஸ் அளவில் செழித்து வளரும், ஆக்சிஜனைத் தாங்காது. ஆகவே, தொட்டால் சுடுமளவு சூடேறியுள்ள மட்குக் குவியலின் நடுப்பகுதியிலிருந்து மாதிரியை எடுத்து, காற்றுக்கு இடமின்றிப் புட்டி நிறைய அடைத்து, அன்றே ஆய்வகத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கவனம் தேவைப்படுவது, பாக்டீரியா வளரும் சத்துக் கரைசலான ஊடகத்தின் தயாரிப்பில்தான். பாஸ்பேட், அம்மோனியம் குளோரைடு, சிறிதளவு மெக்னீசிய, கால்சிய உப்புகள், லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் ஈஸ்ட் சாறு ஆகியவற்றை நீரில் கரைத்து, அமிலகாரநிலையை 7 அளவில் அமைத்து, ஆக்சிஜன் இருந்தால் இளஞ்சிவப்பாகக் காட்டும் ரெசசூரின் சாயத்தை லிட்டருக்கு 1 மில்லிகிராம் சேருங்கள். கரைசலைக் கொதிக்க வைத்து, நைட்ரஜனைச் செலுத்தியபடியே ஆறவிட்டு, லிட்டருக்கு அரை கிராம் சிஸ்டீன் ஹைட்ரோகுளோரைடு சேர்த்தால் எஞ்சிய ஆக்சிஜனும் நீங்கும். இளஞ்சிவப்பு நிறம் முற்றிலும் மறைந்த பிறகே, வடிதாள் துண்டு ஒன்று இடப்பட்ட சீரம் புட்டிகளில் பாதியளவு ஊற்றி, பியூட்டைல் ரப்பர் அடைப்பானும் அலுமினிய மூடியும் இட்டு, 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியால் கிருமிநீக்கம்) செய்ய வேண்டும். பின்னர் எந்தக் கட்டத்திலாவது இளஞ்சிவப்பு திரும்பினால் உள்ளே காற்று புகுந்துவிட்டது என்று பொருள்; அந்தப் புட்டியைத் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

மாதிரியை ஆக்சிஜன் நீக்கிய நீரில் கலக்கி, 80 டிகிரியில் 10 நிமிடம் வைத்திருங்கள். நாம் தேடும் பாக்டீரியாவைப் போல, வெப்பம் தாங்கும் வித்துகளை உருவாக்கும் பாக்டீரியாக்கள் இந்தச் சூட்டைத் தாங்கிவிடும்; மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிரிகள் வித்துகளை உருவாக்காதவை என்பதால் அவற்றில் பெரும்பாலானவை மடிந்துவிடும். இதைத் தவிர்க்கவே கூடாது என்பது என் கருத்து, ஏனெனில் ஹைட்ரஜனை உண்ணும் அந்த நுண்ணுயிரிகள் உடனிருந்தால் நொதித்தல் எத்தனாலை விட்டு அசிட்டேட் பக்கம் சாய்ந்துவிடும்.

பிறகு ஊடக அளவில் பத்தில் ஒரு பங்கு மாதிரியைச் சிரிஞ்சால் செலுத்தி, 60 டிகிரியில் வையுங்கள். சில நாள்களில் வடிதாள் மஞ்சளாகி, நைந்து, இழை இழையாகப் பிரியும். செல்லுலோஸ் மேல் பாக்டீரியா ஒட்டிப் பரவுவதற்கு இந்த மஞ்சள் நிறமி நம்பகமான அடையாளம். ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் புட்டிக்குள் அழுத்தத்தைக் கூட்டும் என்பதால், அருகில் நெருப்பு இல்லாத இடத்தில் நுண்ணிய ஊசியால் அவ்வப்போது வாயுவை வெளியேற்றுங்கள். தாள் பாதி சிதைந்ததும் புதிய புட்டிக்கு மாற்றுங்கள். இவ்வாறு பலமுறை மாற்றினால் வேண்டாத உயிரிகள் குறையும். இந்த ஒரு பாக்டீரியா மட்டுமே உள்ள தூய வளர்ப்புக்கு, ஆக்சிஜனற்ற குழாயை உருட்டி அதன் உட்சுவரில் அகார் ஊடகத்தைப் படியவைக்கும் ஹங்கேட்டின் உருளைக்குழாய் முறை ஏற்றது.

வடிதாளில் வளர்ப்பு நிலைபெற்ற பின்பே வைக்கோலுக்கோ கரும்புச் சக்கைக்கோ செல்லுங்கள். தாவரங்களுக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளை இந்தப் பாக்டீரியா சிதைக்காது. எனவே வைக்கோலைப் பொடியாக அரைத்து, நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து, காரம் நீங்கும்வரை கழுவிப் பயன்படுத்த வேண்டும். சைலோஸ் போன்ற ஐங்கார்பன் சர்க்கரைகளையும் இது நொதிக்காது. அந்தப் பங்கும் வீணாகக் கூடாது என்றால் தெர்மோஅனரோபாக்டீரியம் சக்கரோலிட்டிகம் என்ற பாக்டீரியாவை உடன் வளர்க்கலாம்.

எத்தனாலை வாயு நிறப்பகுப்பியில் (கலவையின் கூறுகளைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமடோகிராஃப் கருவி) அளப்பதே சரியானது. ஒரு கிராம் குளுக்கோஸிலிருந்து கோட்பாட்டளவில் கிடைக்கக்கூடிய உச்சம் 0.51 கிராம் எத்தனால். இயற்கை வகைகள் அசிட்டேட், லாக்டேட், ஃபார்மேட் ஆகியவற்றையும் சேர்த்தே உண்டாக்குவதால் அளவு இதைவிட வெகுவாகக் குறைந்தே இருக்கும். கலவையான இந்த வளர்ப்புத் திரவத்தையும் அதிலிருந்து வடித்தெடுத்ததையும் எக்காரணம் கொண்டும் அருந்தக் கூடாது. பயன்படுத்திய புட்டிகள் அனைத்தையும் ஆட்டோகிளேவ் செய்த பிறகே கழுவ வேண்டும்.