அடிபட்டு வேலைக்குத் திரும்பியாச்சா? ஈ.எஸ்.ஐ-யில் இன்னொரு பணம் பாக்கி இருக்கலாம்

பவர் பிரஸ்ஸில் விரல் மாட்டி இரண்டு மாதம் வீட்டில் இருந்தவர், ஃபிட் சர்டிபிகேட்டோடு வந்து வேலையில் சேருவார். ஈ.எஸ்.ஐ (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) கணக்கு முடிந்தது என்று அவரும் நினைப்பார், கம்பெனியும் நினைக்கும். கோவையில் ஒரு சின்னப் பட்டறையில் பி.எஃப், ஈ.எஸ்.ஐ வேலைகளைப் பார்த்த காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அன்றைக்கு நிற்பது ஒரு பணம்தான். அடுத்தது அதற்கு மறுநாளில் இருந்துதான் கணக்கு.

நிற்பது தற்காலிக ஊன உதவித்தொகை. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு, ஞாயிறு, விடுமுறை உட்பட, சராசரி நாள் சம்பளத்தில் 90 சதவீதம் தருவார்கள். அதன்பின் வரக்கூடியது நிரந்தர ஊன உதவித்தொகை. விரல் துண்டானது, மணிக்கட்டு மடங்காமல் போனது, ஒரு கண்ணில் பார்வை போனது என்று தீராத குறை மிஞ்சினால் அதற்கு ஆயுள் முழுக்க மாதாமாதம் வரும் தொகை. முழுச் சம்பளம் வாங்கிக்கொண்டே இதையும் வாங்கலாம்.

முதலில், விபத்து எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள்

பலருக்குப் பணம் போவது இந்த இடத்தில்தான். விபத்து நடந்தால் முதலாளி படிவம் 12-இல் ஈ.எஸ்.ஐ-க்கு அறிக்கை அனுப்ப வேண்டும். இன்ஸ்பெக்‌ஷன் வந்துவிடும் என்ற பயத்தில், "ஆஸ்பத்திரியில வீட்ல விழுந்துட்டேன்னு சொல்லிடுப்பா, செலவ நான் பாத்துக்கறேன்" என்று சொல்கிற முதலாளிகள் உண்டு. நல்ல மனிதர்களே இப்படிக் கேட்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒத்துக்கொண்டால் அது சாதாரண உடல்நலக் குறைவாகிவிடும். 90-க்குப் பதில் 70 சதவீதம்; அதுவும் வருடத்துக்கு 91 நாள் வரைதான். நிரந்தர ஊனத்துக்கான வழியே அடைபட்டுப் போகும். ஆஸ்பத்திரிச் சீட்டில் முதல் நாள் என்ன எழுதுகிறார்களோ அதுதான் கடைசிவரை பேசும். அதனால் "வேலை செய்யும்போது இந்த மெஷினில் அடிபட்டது" என்று சொல்லி எழுதச் சொல்லுங்கள். படிவம் 12-இன் நகலையும் கேட்டு வாங்கி வையுங்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உங்களுக்கு உரிமை உண்டு. இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை வேலை விபத்துக்குக் கிடையாது.

இறுதிச் சான்றிதழ் வாங்காமல் வேலைக்குப் போகாதீர்கள்

சிகிச்சை முடிந்ததும் ஈ.எஸ்.ஐ டாக்டர் இறுதிச் சான்றிதழ் கொடுப்பார். அதற்கு முன்பே, கட்டோடு போய் "லேசான வேலை" பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாளுக்குச் சம்பளமும் தற்காலிகத் தொகையும் சேர்த்து வாங்கக் கூடாது. பிறகு திருப்பிக் கட்டச் சொல்வார்கள். நீங்கள் தற்காலிகத் தொகையில் இருக்கும் நாட்களில் முதலாளி உங்களைப் பொதுவாக வேலையை விட்டு நீக்கவும் முடியாது. அதனால் அவசரப்பட வேண்டியதில்லை.

மெடிக்கல் போர்டுக்கு நீங்களே கேளுங்கள்

அவர்களாகக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்து ஏமாந்தவர்கள் அதிகம். இறுதிச் சான்றிதழ் கிடைத்த கையோடு உங்கள் ஈ.எஸ்.ஐ கிளை அலுவலகத்தில், மெடிக்கல் போர்டுக்கு (ஊனம் எவ்வளவு என்று மதிப்பிடும் டாக்டர்கள் குழு) அனுப்பக் கேட்டு விண்ணப்பம் கொடுங்கள். எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி, ஆதார், பேங்க் பாஸ்புக் நகல் எல்லாம் ஒரே கவரில் இருக்கட்டும். கொடுத்ததற்குச் சீல் வைத்த நகல் வேண்டும். போர்டுக்குப் போகும் நாளின் போக்குவரத்துச் செலவையும் இழந்த சம்பளத்தையும் கேட்டு வாங்கலாம்.

போர்டில் "இப்ப பரவாயில்லீங்க" என்று மரியாதைக்குச் சொல்லிவிடாதீர்கள். எந்த வேலை முடியவில்லை என்று சொல்லுங்கள்: ஸ்பேனர் பிடிக்க முடியவில்லை, சட்டைப் பொத்தான் போட முடியவில்லை.

எவ்வளவு வரும்?

சில காயங்களுக்கு, சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் இழப்பு என்று சட்ட அட்டவணையிலேயே இருக்கிறது. கட்டைவிரல் முழுதாகப் போனால் 30. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14, இரண்டு கணு போனால் 11, ஒரு கணு போனால் 9. அட்டவணையில் இல்லாததைப் போர்டு மதிப்பிடும்.

நாள் சம்பளம் 600 ரூபாய் என்று வையுங்கள். அதில் 90 சதவீதம் 540. ஆள்காட்டி விரலில் இரண்டு கணு போயிருந்தால் 540-இல் 11 சதவீதம், அதாவது நாளுக்கு 59 ரூபாய் 40 காசு. முப்பது நாள் மாதத்துக்கு 1,782 ரூபாய். பெரிய தொகை இல்லைதான். ஆனால் முப்பது வயதில் அடிபட்டவருக்கு இது எத்தனை வருடம் வரும் என்று பெருக்கிப் பாருங்கள். விலைவாசிக்கு ஏற்ப அவ்வப்போது உயர்த்தவும் செய்கிறார்கள். நாள் தொகை மிகக் குறைவாக இருந்தால் மட்டும் மொத்தமாக வாங்கிக்கொள்ளக் கேட்கலாம்.

சதவீதம் குறைவு என்று தோன்றினால், முடிவு தெரிந்த மூன்று மாதத்துக்குள் மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். முடிவில் "தற்காலிக மதிப்பீடு" என்று இருந்தால் பதற வேண்டாம், பின்னால் மறுபடி கூப்பிட்டுப் பார்ப்பார்கள்.

அப்புறம்

கம்பெனி மாறினாலும், சம்பளம் ஈ.எஸ்.ஐ வரம்பான 21,000-ஐத் தாண்டினாலும் இந்தத் தொகை நிற்காது. பழைய காயம் மறுபடி தொந்தரவு கொடுத்து லீவு எடுக்க நேர்ந்தால், "பழைய விபத்துதான்" என்று டாக்டரிடம் சொல்லித் தற்காலிகத் தொகையை மீண்டும் கேளுங்கள். உயிரோடு இருப்பதற்கான சான்றிதழை மட்டும் கேட்கும்போதெல்லாம் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பணம் பாதியில் நின்றுவிடும்.