அடைத்த கடவாய்ப் பல்லில் இறைச்சி மாட்டுவது ஏன்?

பல் அடைத்துவிட்டுப் போனவர் மூன்றாம் நாள் காலையிலேயே வந்து நின்றார். லாரி ஓட்டுநர், வீடு ஆரியங்காவு. சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஓர் ஈர்க்குச்சி. "டாக்டரே, இறைச்சி கேறி இரிக்குந்நு" என்று மலையாளத்தில் ஆரம்பித்து, "ராத்திரி பூரா குத்திக்கிட்டே கிடந்தேன்" என்று தமிழில் முடித்தார். நான் பல் பார்க்கும் செங்கோட்டை, 1956 நவம்பர் வரை மலையாள நாடான திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர். இங்கே பல் இரண்டு மொழியிலும் வலிக்கும்.

அடைத்தது நான்தான். நிறம் பொருந்தியிருந்தது, கடியும் சரி. ஆனால் பல்லிடுக்கைத் துடைக்கும் நூலான ஃப்ளாஸை விட்டால் சத்தமே இல்லாமல் இறங்கியது. நன்றாக ஒட்டி நிற்கும் இரண்டு பல்லுக்கு நடுவே ஃப்ளாஸ் கொஞ்சம் முரண்டு பிடித்து, 'டக்'கென்று உள்ளே போக வேண்டும். இங்கே மயிரிழைச் சந்து. அது போதும், பரோட்டாவும் சிக்கனும் சாப்பிடுகிற ஊரில். கோழி நாரும் மாம்பழ நாரும் அதில் ஏறும், ஈறு வீங்கும், கொஞ்ச காலத்தில் அடைப்பின் ஓரத்திலேயே புதுச் சொத்தை வரும்.

தொழிலுக்குப் புதிதாக வருகிற தம்பி தங்கைகள் பெரும்பாலும் பல் நிறத்தில் அடைக்கிற பொருளான காம்போசிட்டைத்தான் குறை சொல்வார்கள். பழைய வெள்ளி அடைப்பில் இந்தத் தொல்லை குறைவு என்பது உண்மைதான். அந்த வெள்ளிக் கலவையான அமால்கத்தை அழுத்தி இடித்தால் அது மேட்ரிக்ஸ் பேண்டை, அதாவது அடைக்கும்போது பல்லைச் சுற்றிக் கட்டும் மெல்லிய பட்டையை, தள்ளிக்கொண்டு போய்ப் பக்கத்துப் பல்லோடு ஒட்டிக்கொள்ளும். காம்போசிட்டுக்கு அந்த வலு கிடையாது. அழுத்தினால் கருவியோடு ஒட்டிக்கொண்டு திரும்பி வரும். போதாததற்கு, அதை இறுக்கக் காட்டும் நீல லைட் பட்டதும் சுருங்கும். சாதாரண வகைகள் கன அளவில் 2 முதல் 3 சதவீதம் வரை. பேண்டுக்கும் தடிமன் உண்டு, ஏறக்குறைய 0.04, 0.05 மில்லிமீட்டர். அதை உருவி எடுத்ததும் அந்த இடம் காலி. ஆக, காம்போசிட் உள்ளே போவதற்கு முன்பே பற்களைக் கொஞ்சம் விலக்கி வைத்திருக்க வேண்டும். விலகிய பல் பழைய இடத்துக்குத் திரும்பும்போதுதான் இறுக்கம் கிடைக்கும். இதை மறந்துவிட்டு விலை உயர்ந்த காம்போசிட் வாங்கிப் பயனில்லை.

இதில் நான் செய்த முதல் தவறு, பல்லிடுக்கில் செருகும் சின்ன ஆப்பான வெட்ஜைக் கடைசியில் போட்டது. மரப்பு ஊசி போட்டதும், குடைய ஆரம்பிக்கும் முன்பே வெட்ஜைச் செருகிவிட வேண்டும். பல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு சுமார் 0.2 மில்லிமீட்டர் அகலம். அதற்குள்தான் பல் நகர முடியும், அதுவும் மெதுவாக. குடைகிற அந்தப் பத்து நிமிடம் பல் விலகுவதற்குக் கிடைக்கும் நேரம். இடையில் இரண்டு தடவை இன்னும் கொஞ்சம் அழுத்திவிட்டால் நல்லது. கூடவே, குடைகிற முனையான பர் தவறிப்போய்ப் பக்கத்துப் பல்லைக் கீறாமலும் வெட்ஜ் காக்கும்.

வெட்ஜின் அளவிலும் கோட்டை விடுவோம். பெரியதைத் திணித்தால் அது மேலே ஏறி, பற்கள் தொட வேண்டிய இடத்திலேயே பேண்டை உள்பக்கமாக நசுக்கிவிடும். சிறியது கீழே அடைக்காது. பொருள் வழிந்து ஈறுக்குள் படிக்கட்டு மாதிரி துருத்தி நிற்கும். மேல்வரிசையின் முதல் முன்கடவாய்ப் பல்லின் முன்பக்க வேரில் ஒரு குழிவு இருக்கிறது. அங்கே எந்த வெட்ஜும் முழுதாகப் பொருந்தாது. டெஃப்லான் டேப்பைச் சுருட்டி வெட்ஜுக்கும் பேண்டுக்கும் நடுவே செருகிப் பாருங்கள். பிளம்பர் கடையில் கிடைக்கிற அதே வெள்ளை டேப்தான்.

அடுத்து, பழக்கதோஷத்தில், பல்லைச் சுற்றிப் பேண்டை இறுக்கிப் பிடிக்கும் டாஃபில்மயரை எடுப்பது. கல்லூரியில் கை பழகிய கருவி, அதனால் பாசம். ஆனால் அந்தத் தட்டைப் பேண்ட் பல்லைச் சுற்றி நேராக நிற்கும். அசல் பல்லின் பக்கவாட்டிலோ ஒரு வயிறு உண்டு. நேர் பேண்டில் கட்டினால் பற்கள் மேல்விளிம்பில் மட்டும் தொடும். அந்த விளிம்பு சீக்கிரம் உடையும், கீழே சந்து அப்படியே இருக்கும். பல்லின் ஒரு பக்கத்துக்கு மட்டும் வளைவோடு வரும் செக்ஷனல் மேட்ரிக்ஸும், இரண்டு பல்லையும் கவைபோலப் பிடித்து விலக்கும் ரிங்கும் இதற்காகவே வந்தவை. 2006-இல் நெதர்லாந்தின் நைமேகன் பல்கலைக்கழகத்தார் நோயாளிகளிடமே ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்விலும் ரிங்கோடு சேர்ந்த செக்ஷனல் முறைதான் கூடுதல் இறுக்கம் தந்தது. ரிங் செட் விலை கொஞ்சம் உறைக்கும்தான். இலவசமாகத் திரும்ப அடைத்துக் கொடுத்த கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு நான் வாங்கினேன்.

ரிங் மாட்டியாயிற்று என்று உடனே நிரப்பிவிடக் கூடாது. பேண்ட் பக்கத்துப் பல்லைத் தொடுகிறதா என்று கண்ணாடி வைத்துப் பாருங்கள். தொடவில்லையென்றால் முனை மழுங்கிய கருவியான பர்னிஷரால் உள்ளிருந்து மெல்லத் தேயுங்கள். குத்தித் தேய்த்தால் பேண்ட் சுருங்கி, தொடும் இடம் முள் முனை மாதிரி ஆகிவிடும். பக்கத்துப் பல்லில் பழைய அடைப்பு துருத்திக்கொண்டிருந்தால் முதலில் அதைச் சீராக்க வேண்டும். சாய்ந்த சுவரோடு ஒட்டிப் புதுச்சுவர் எழுப்பினால் அதுவும் கோணலாகத்தான் வரும்.

பக்கச் சுவரை முதலில் மெல்லிசாகக் கட்டி லைட் காட்டி இறுக்கிவிட்டு, பிறகு நடுவை நிரப்புவது என் வழக்கம். சாதாரணக் காம்போசிட் என்றால் ஒரு அடுக்கு 2 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். அடித்தளத்துக்கு லைட் சரியாகப் போய்ச் சேராது. அதனால் பேண்டை எடுத்த பிறகு கன்னப் பக்கமும் நாக்குப் பக்கமும் இன்னொரு தடவை காட்டுங்கள். எச்சிலும் ரத்தமும் பட்டால் இவ்வளவும் வீண். எச்சில் படாமல் பல்லைச் சுற்றி விரிக்கும் ரப்பர் டேம் போடுகிற சோம்பலைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

பேண்டைப் பக்கவாட்டில் உருவ வேண்டும், மேலே இழுக்கக் கூடாது. அப்புறம் ஒரு கெட்ட பழக்கம், பாலிஷ் ஸ்ட்ரிப். ஃப்ளாஸ் 'டக்'கென்று போன சந்தோஷத்தில், உப்புத்தாள் ஸ்ட்ரிப்பைத் தொடும் இடத்தின் வழியாகவே நாலு இழுப்பு இழுப்போம். அரை மணி நேரம் பாடுபட்டுக் கிடைத்த இறுக்கம் அதிலேயே தேய்ந்து போகும். ஸ்ட்ரிப் கீழே மட்டும் வேலை செய்யட்டும்.

எல்லாம் செய்தும் சந்து விழுந்தால், "நாளாக நாளாகச் சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பாதீர்கள். ஆகாது. மேலே கொஞ்சம் பொருளை அப்புவதும் நிற்காது. அந்தப் பக்கத்தை மட்டும் பெட்டி மாதிரி வெட்டியெடுத்து, வெட்ஜும் ரிங்கும் போட்டுத் திரும்பக் கட்டுங்கள்.

லாரிக்காரருக்கு அன்றைக்கே அப்படிச் செய்தேன், காசு வாங்கவில்லை. "ராத்திரி பரோட்டா சாப்பிட்டுட்டு போன் பண்ணுங்கண்ணே" என்றேன். பண்ணினார். அந்தப் பல்லைப் பற்றிப் பேச்சே இல்லை. எதிர்ப் பக்கத்துப் பல்லிலும் ரொம்ப நாளாக இறைச்சி ஏறுகிறதாம், அது வேறு ஊரில் அடைத்ததாம்.