நீல டேம்சலைக் கடைசியில் விடுங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு மீன் வளர்ப்பு என்றால் லோங்காங்கில் (சாக்கடை வாய்க்காலில்) சண்டை மீன் பிடித்து ஹார்லிக்ஸ் போத்தலில் விடுவதுதான். இரண்டு போத்தலை ஒட்டி வைத்தால் செவுளை விரித்துக்கொண்டு முறைக்கும், நடுவில் அட்டையைச் செருகினால் அடங்கிவிடும். அந்த அட்டையைப் பிறகு சொல்கிறேன்.

கடல்மீன் ஆசை வந்து ஈப்போவில் ஒரு கடைக்குப் போனேன். "முதல்ல டேம்சல் விடு, சாகாது" என்றார் தவ்கே, அதாவது கடை முதலாளி. உண்மைதான், அந்தக் குட்டிக் கடல்மீன் சாகவில்லை. என் தொல்லையெல்லாம் அங்கேதான் ஆரம்பம்.

1. எந்த டேம்சல்

மஞ்சள் வால் நீல டேம்சல் ஒன்றே ஒன்று வாங்குங்கள். ஏழு சென்டிமீட்டர்தான் வளரும், அந்தக் கூட்டத்தில் கொஞ்சம் சாது. கறுப்பில் மூன்று வெள்ளைப் பொட்டு வைத்த டோமினோ கடையில் இருபது சென் காசு அளவில் அழகாக இருக்கும். தயவுசெய்து வேண்டாம், அது உள்ளங்கை அளவு வளர்ந்து தொட்டியையே பட்டா போட்டுக்கொள்ளும்.

2. தொட்டியும் தண்ணீரும்

மூன்றடிக்கு ஒன்றரையடி தொட்டி. கல்லும் மணலும் போட்டபின் 150 லிட்டர் பிடிக்கும். காய்ந்த கல்லே போதும். கடைத்தெருவில் காசு போட்டால் ஊற்றும் இயந்திரத் தண்ணீரை எடுக்கலாம், ஆனால் எல்லாமே ஆர்ஓ (கரைந்த உப்பையும் நீக்கும் சுத்திகரிப்பு) அல்ல, சிலது வெறும் வடிகட்டிதான். தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் காட்டினால் மட்டும் எடுங்கள். லிட்டருக்கு 35 கிராம் கடல் உப்பு கலந்து, ஒருநாள் பம்ப் ஓடவிட்டு அளந்து பாருங்கள். உப்பளவு பார்க்க ரிஃப்ராக்டோமீட்டரே வாங்குங்கள். ஊசி ஆடும் பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலே கணக்கு கூடிவிடும்.

3. மீன் இல்லாமல் காத்திருப்பது

உரிக்காத இறால் ஒன்றைப் பழைய துணியில் கட்டித் தொட்டியில் போடுங்கள். அது அழுகி அம்மோனியா வரும், ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொன்று அதை நைட்ரேட் ஆக்கும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்ஜியமாக நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். சொட்டு மருந்து வகைச் சோதனைப்பெட்டிதான் நம்பத் தகுந்தது, காகிதப் பட்டையை நான் நம்புவதில்லை. முதல் வாரம் அடிக்கும் வாடைக்கு வீட்டில் அம்மா என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது.

இந்த வேலைக்குத்தான் பலர் டேம்சலை விடுகிறார்கள். அம்மோனியாவில் வெந்தும் அது பிழைத்துக்கொள்ளும். அதனால் தொட்டி தயார் என்று ஆகிவிடாது.

4. வெயிலும் ஆவியும்: நான் விழுந்த குழி

நம் ஊரில் ஹீட்டர் வேண்டாம். மத்தியானம் தகரக் கூரைக்குக் கீழே தொட்டி 32 டிகிரியைத் தொடும். தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் வாங்கக் காசில்லை, மேலே இரண்டு சின்ன மின்விசிறி மாட்டினேன். 29க்கு இறங்கியது. ஆனால் தினமும் இரண்டு லிட்டர் தண்ணீர் காணாமல் போனது. கடல்மீன் தொட்டிதானே என்று உப்புத் தண்ணீரையே ஊற்றி நிரப்பினேன்.

ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும். தினம் இரண்டு லிட்டர் என்றால் பத்து நாளில் 20 லிட்டர், அதாவது 700 கிராம் உப்பு கூடுதல். 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) என்று ஆரம்பித்தது 40க்குப் பக்கத்தில் போய் நின்றது. முதலில் இறால் செத்தது. பிறகு நத்தைகள் கண்ணாடியிலிருந்து விழுந்தன. நான் அளக்கவே இல்லை, ஏனென்றால் டேம்சல் ஒன்றும் நடக்காததுபோலத் தின்றுகொண்டு திரிந்தது. "அதான் நல்லா இருக்கே" என்று நினைத்துவிட்டேன்.

எனவே: பம்ப் ஓடும்போது தண்ணீர் நிற்கும் மட்டத்தில் டேப் ஒட்டுங்கள். தினமும் காலையில் அந்தக் கோடுவரை உப்பில்லாத ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள். உப்புத் தண்ணீர், பழைய தண்ணீரை எடுத்துவிட்டு மாற்றும் நாளில் மட்டும். ஏற்கெனவே உப்பு ஏறிவிட்டதா? நாளுக்கு நான்கு லிட்டர் எடுத்துவிட்டு அதே அளவு உப்பில்லாத ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள், ஒரு பிபிடிபோல இறங்கும். ஒரே நாளில் இறக்கப் பார்க்காதீர்கள்.

5. மீன்களை விடும் வரிசை

கோமாளி மீன் முதலில், பிறகு கோபி என்ற சின்ன மீன். எல்லாம் இடம் பிடித்துக்கொண்டபின் கடைசியாக டேம்சல். நான் மாற்றிச் செய்தேன். டேம்சல் கடித்துக் கடித்து, மூன்றங்குல மீன் ஒன்று வாலில்லாமல் மூலையில் ஒடுங்கி நின்றது.

டேம்சலைப் பிடித்து வெளியே எடுக்கலாம் என்றால் கல்லையெல்லாம் அகற்ற வேண்டும். தண்ணீர்ப் போத்தலின் தலையை வெட்டித் தலைகீழாகச் செருகி, பறி மாதிரி செய்து உள்ளே தீனி போட்டேன். இரண்டாம் நாள் மாட்டியது. அப்போதுதான் அந்த அட்டை ஞாபகம் வந்தது. ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் ரவுடியை அதே தொட்டியில் ஒரு வாரம் அடைத்து, கற்களை இடம் மாற்றினேன். வெளியே வந்தபோது பழைய பொந்து இல்லை, மற்றவை குடியேறியிருந்தன. இன்னும் துரத்துகிறது, ஆனால் கடிப்பதில்லை.

பின்சேர்க்கை: கடலோர ஊரான லுமுட்டிலிருந்து கடல்தண்ணீர் கொண்டு வரலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அங்கே டிண்டிங் ஆறு கடலில் கலக்கிறது. மழை பெய்தால் ஓர் உப்பு, வெயிலடித்தால் ஓர் உப்பு. பெட்ரோல் காசுக்கு உப்பு வாங்கிவிடலாம்.

இன்னொன்று: இடி மழையில் கரண்ட் போனால் என்ன செய்வது என்று ஓர் அக்கா கேட்டிருந்தார். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கித் தொட்டிக்குப் பக்கத்திலேயே வையுங்கள், அலமாரியில் வேண்டாம். இருட்டில் தேடி எடுப்பதற்குள் எனக்கு ஒரு கோபி போனது. டேம்சல்? அதற்கென்ன, நன்றாக இருக்கிறது.