விண்டோஸ் 11-இல் பழைய வசதிகளைத் திரும்பப் பெற

ரிச்சி தெருவில் கணினி பழுதுபார்க்கிறேன். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்த பிறகு, 11-க்கு மாறியவர்கள் சொல்லும் முதல் புகார்: "ஸ்டார்ட் பொத்தானைக் காணவில்லை சார்." அது கீழே நடுவில் இருக்கிறது. திரையின் அடியில் இருக்கும் பட்டையான டாஸ்க்பாரின் காலியிடத்தில் வலது கிளிக் செய்து, 'டாஸ்க்பார் செட்டிங்ஸ்', பிறகு 'டாஸ்க்பார் பிஹேவியர்ஸ்' போய், அலைன்மென்ட்டை 'லெஃப்ட்' என்று மாற்றினால் பழைய மூலைக்கே வந்துவிடும்.

என்னைக் கேட்டால், வலது கிளிக் பட்டியலைச் சுருக்கியதுதான் பெரிய தொல்லை. திருவல்லிக்கேணியில் டிடிபி கடை வைத்திருக்கும் அம்மா ஒருவர் நாள் முழுக்க அதை வைத்தே வேலை பார்ப்பவர். ஒவ்வொரு முறையும் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' தேடி அலுத்துப்போனார். ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி வலது கிளிக் செய்யுங்கள், முழுப் பட்டியலும் நேராக வரும். விசைப்பலகையே போதும் என்பவர்களுக்கு ஷிஃப்ட், எஃப்10.

திறந்த கோப்புகளின் பெயர்கள் கீழே தெரியவில்லையா? அதே 'பிஹேவியர்ஸ்' பகுதியில் 'கம்பைன்' என்பதற்கு 'நெவர்' கொடுங்கள். இந்த வசதி தொடக்கத்தில் இல்லை. பலரும் கேட்ட பிறகு 2023-இல்தான் வந்தது. 2012-இல் விண்டோஸ் 8 நீக்கிய ஸ்டார்ட் பொத்தானும் மறு ஆண்டு 8.1-இல் திரும்பியது. ஆகவே சலித்துக்கொண்டு விட்டுவிடாதீர்கள்: விண்டோஸ் விசையுடன் எஃப் அழுத்தினால் 'ஃபீட்பேக் ஹப்' திறக்கும், உங்கள் குறையை அங்கே எழுதுங்கள்.