முதல் சொந்த ஸ்கூபா சிலிண்டர்: என் அனுபவம்

ஸ்கூபா டைவ் (முதுகில் காற்று சிலிண்டருடன் நீருக்கடியில் நீந்துவது) முடியும்போது, மேலே வருமுன் பாதுகாப்புக்காக 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் அசையாமல் நிற்பதுதான் எனக்குப் பெரும்பாடு. வாடகைக்குக் கிடைத்ததெல்லாம் 11.1 லிட்டர் அலுமினிய சிலிண்டர். நிரப்பிய காற்றே இரண்டரை கிலோவுக்கு மேல். அது தீரத்தீர சிலிண்டர் மிதக்க ஆரம்பித்து, அடிப்பக்கம் மேலே தூக்கும். அதைச் சமாளிக்கவே இடுப்பில் கூடுதல் ஈயக்கட்டி.

அதனால் வாங்கும்போது, காலியானாலும் மிதக்காத ஸ்டீல்தான் என்று முடிவெடுத்தேன்: 12 லிட்டர், 232 பார் அழுத்தம் வரை நிரப்பலாம், பழையது. பெயின்ட் பளபளப்பை நான் பொருட்படுத்தவில்லை. தோள்பகுதியில் பொறித்திருந்த கடைசி ஹைட்ரோ சோதனைத் (தண்ணீர் அழுத்தம் கொடுத்து சிலிண்டர் தாங்குகிறதா என்று பார்ப்பது) தேதியைப் படித்தேன். அப்புறம் காற்றை முழுக்க வெளியேற்றி, வால்வைக் கழற்றச் சொல்லி, உள்ளே விளக்கடித்துப் பார்த்தேன். ஸ்டீலுக்குத் துருதான் எமன். உட்சுவர் சாம்பல் நிறத்தில் சுத்தமாக இருந்தது. (பழைய அலுமினியம் வாங்குபவர்கள் 6351 என்ற உலோகக் கலவையைத் தொடவே வேண்டாம், கழுத்தில் விரிசல் விடும்.) வால்வு DIN வகை (திருகிப் பொருத்துவது), என் ரெகுலேட்டருக்கு, அதாவது சிலிண்டர் காற்றை மூச்சுவிடும் அழுத்தத்துக்குக் குறைத்துத் தரும் கருவிக்கு, சரியாகப் பொருந்தியது.

இப்போது 2 கிலோ ஈயம் குறைந்துவிட்டது, காற்று குறைந்தாலும் 5 மீட்டரில் நிம்மதியாக நிற்கிறேன். தண்ணீர் உள்ளே புகாமலிருக்க, சிலிண்டரை ஒருபோதும் முழுக்கக் காலியாக விடுவதில்லை.